புளோரன்சுக்கு முழம் போட்ட மணவறை அண்ணை

கிழக்கு லண்டனில் கலியாணம் கட்டிய எந்தத் தமிழனும் மணவறை அண்ணைக்கு முதுகைக் காட்டாமல் கட்டியிருக்க முடியாது. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் கலியாண அல்பத்தை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை முழிசிக்கொண்டிருப்பார், பெண்ணின் தலையில் பூ சரிந்திருக்கும், ஐயர் யாரையோ அதட்டிக்கொண்டிருப்பார். இவர்களுக்குப் பின்னால் இரண்டு யானை, நாலு தூண், ஒரு கோபுரம், கோபுரத்தின் மேல் தங்க நிறக் கலசங்கள் என்று நிற்கிறதே, அது அண்ணையின் கைவேலை. கிட்டப் போய்த் தொட்டிருந்தால் விரலில் வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். எல்லாம் ரெஜிபோம்.

வோஷிங் மெஷின் வாங்கினால், அது அடிபடாமல் இருக்கப் பெட்டிக்குள் வெள்ளையாக, கனமில்லாமல், நகம் பட்டால் பல் கூசுகிற மாதிரி ஒன்று வைத்திருப்பார்களே, அதைத்தான் எங்கள் ஆட்கள் ரெஜிபோம் என்பார்கள். அண்ணை லண்டனுக்கு வர முதல் ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டினவர். மற்றவர்கள் வோஷிங் மெஷினைப் பார்த்தபோது இவர் அதைச் சுற்றியிருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் நாலு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்பியைச் சூடாக்கி வெட்டி, ஒரு தாமரை செய்தார். அதோடு மனிதர் கெட்டார். ஜேர்மனியில் ஒரு நல்ல நாளில் ஒரு தமிழ்க் கலியாணம் நடந்தால் பெரிய காரியம், லண்டனில் ஒரே முகூர்த்தத்தில் ஐந்து நடக்கும் என்று யாரோ சொல்ல, மனைவியையும் மகளையும் தாமரையையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

நான் ஃபாரஸ்ட் கேட்டில் அவருடைய வீட்டில் வாடகைக்கு இருந்தவன். 'டபுள் ரூம்' என்று சொல்லித்தான் தந்தார். போய்ப் படுத்த பிறகுதான் இரண்டாவது ஆள் யானை என்று தெரிந்தது. எனக்கோ ஸ்ட்ரெதத்தில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். விடிந்ததும் லண்டனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து, யானையின் தும்பிக்கையில் ஜக்கெற்றைக் கொழுவிவிட்டு விழுவேன். அந்த வருடங்களில் நான் முழுதாக விழித்திருந்ததாகவும் ஞாபகம் இல்லை, முழுதாகத் தூங்கியதாகவும் ஞாபகம் இல்லை. ஆகவே இதில் ஒன்றிரண்டு விசயம் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளியலறைத் தொட்டிக்குள் எப்போதும் இரண்டு மயில் பெயின்ற் காய்ந்துகொண்டிருக்கும். குளிக்க வேண்டுமென்றால் மயில்களைத் தூக்கி வெளியே வைத்து, குளித்து, திரும்ப உள்ளே வைக்க வேண்டும். அதற்குள் மயிலின் தங்கப் பெயின்ற் தோளில் ஒட்டிவிடும், திரும்பக் குளிக்க வேண்டும். ஒருமுறை காஸ் மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் முன்கதவைத் திறந்ததும் நாலு தூணையும் நடுவில் தொங்கிய மணியையும் பார்த்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மீற்றர் பார்த்து முடித்து, அண்ணையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அண்ணைக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. 

"நல்ல வளர்ப்பு," என்றார்.

அண்ணைக்கு ஒரு தொழில் முறை இருந்தது. மணவறையை முன்னால் நின்று பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஏலாது, மாப்பிள்ளை மாதிரி உள்ளே இருந்து வெளியே பார்க்க வேண்டும் என்பார். "முன்னால நிண்டு பாக்கிறவன் சாப்பிட்டிட்டுப் போயிடுவான் தம்பி. உள்ளுக்க இருக்கிறவனுக்குத்தான் அது வீடு." ஆகவே எந்தக் கலியாணத்திலும் மாப்பிள்ளை ஏற முதல் இவர் ஏறிச் சப்பாணி கட்டி இருந்து, இடம் வலம் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு இறங்குவார். ஒரு நாள் ஐயருக்கு அது அன்றைக்கு மூன்றாவது கலியாணம், கண் திறக்க ஏலாத களைப்பு. இருந்த ஆளின் விரலில் தர்ப்பையை மாட்டி, நட்சத்திரம் கேட்டார். 

"பூரட்டாதி," என்றார் அண்ணை, கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை என்று நினைத்து. 

உண்மையான மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கீழே வரிசையில் நிற்கிற மாதிரி நின்றார். மந்திரம் கணிசமான தூரம் போய்விட்டது. கடைசியில் அண்ணையின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, சபைக்குள் எழும்பிக் கத்தினார்: "இஞ்சாருங்கோ! இறங்குங்கோ கீழ! ஒண்டைக் கட்டி நான் படுற பாடு காணாதே!"

அண்ணை இறங்கினார். தர்ப்பையைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் கொடுத்து, "வலப்பக்கத் தூண் கொஞ்சம் உள்ளுக்க தள்ளிக் கிடக்கு, குறை நினையாதையும்," என்றார்.

இப்படி ஊருக்கெல்லாம் கோபுரம் வைத்தவருக்கு ஒரே பிள்ளை, ஆரணி. அவருக்கு இருந்ததும் ஒரே ஆசை. தன் பிள்ளை ஒருநாள் தன் கைவேலைக்கு நடுவில் இருக்க வேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு மணவறை முடிந்ததும் மகளின் உயரத்துக்குக் கையை வைத்துப் பார்ப்பார். நான் கண்டிருக்கிறேன்.

அப்போதுதான் 2009 வந்தது. அந்த வருடம் எங்கள் ஆட்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைசிச் சண்டைக்குள் வன்னியில் அகப்பட்ட தாய் தகப்பனுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் பாதிப் பேர் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகை பிடித்து நின்றோம், பிறகு அதையும் சுருட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினோம். கொண்டாட்டம் என்ற சொல்லே யாருக்கும் பிடிக்கவில்லை. கலியாணங்களைத் தள்ளி வைத்தார்கள், அல்லது சத்தம் போடாமல் ரெஜிஸ்டர் ஒபிசில் எழுதினார்கள். மணவறை கேட்டு ஒருவரும் போன் எடுக்கவில்லை. ஊர் சுற்றிக்கொண்டிருந்த தூண்களும் யானைகளும் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. என் அறையில் யானை இரண்டாகி, மூன்றாகி, கட்டிலுக்குப் போகும் வழி அடைபட்டு, நான் கால்மாட்டால் ஏறிப் படுக்கத் தொடங்கினேன்.

அந்த நெரிசலுக்குள்தான் ஒரு நாள் காலை, குசினியில், ஆரணி தன் கலியாணக் கதையை எடுத்தாள். பையன் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரன், அவளோடு வேலை செய்பவன், நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்து யானைகளுக்கு நடுவே தேத்தண்ணி குடித்துப் பழகியவன். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

"ரெஜிஸ்டர் பண்ணிட்டு, ஈஸ்ட் ஹாம்ல ஒரு லஞ்ச். நாப்பது பேர். தட்ஸ் இற். மணவறை வேண்டாம் அப்பா."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சின்னன் ஒண்டு? ரெண்டே ரெண்டு தூண்?"

"அப்பா, நான் பிறந்ததில இருந்து மணவறைக்குள்ளதான் இருக்கிறன். கலியாண நாளிலயாவது வெளியில இருக்கட்டும். ப்ளீஸ்."

அக்கா என்னைப் பார்த்தார், நான் யானையைப் பார்த்தேன். அண்ணை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் போய்ப் படுத்திருப்பேன். அவர் எழும்பிப் போய், முன்னறையில் கிடந்த பெரிய ரெஜிபோம் தாமரைக்குள் குந்தி, பெயின்ற் படிந்த தன் நகங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அப்படியே இருந்தார் என்று அக்கா பிறகு சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நித்திரை அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு கிழமை கழித்து என்னை உலுப்பி எழுப்பினார். கையில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த படம். ஆரணி யூனிவர்சிட்டியில் படித்தபோது கூட்டாளிகளோடு இத்தாலிக்குப் போய் எடுத்தது. பெரியதொரு கல் சதுக்கம், சுற்றிவர அரண்மனைகள், நட்டநடுவில் பிள்ளை நிலத்தில் இருந்து ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

"தம்பி, பிள்ளை இப்பிடிச் சிரிச்சு நீர் கண்டிருக்கிறீரே?"

"இல்லை அண்ணை."

"நானும் காணேல்லை. வெளியில எண்டு அவள் சொன்னது இதைத்தான். விளங்கிச்சோ? மணவறைதானே வேண்டாமெண்டவள். நான் மணவறை வைக்கேல்லை. இந்தச் சதுக்கத்தைக் கொண்டுவந்து வைக்கிறன். போய் அளந்துகொண்டு வருவம்."

"நான் எதுக்கு அண்ணை?"

"அளக்கிறதெண்டால் மற்றப் பக்கம் பிடிக்க ஒராள் வேணுமெல்லோ?"

வந்தால் என் அறையிலிருந்து யானைகளை எடுத்துவிடுவதாகச் சொன்னார். இத்தாலிக்கு நான் போன ஒரே காரணம் அதுதான். இரவு ஷிப்ட் முடித்து நேரே விமான நிலையம், பீசாவில் இறங்கி ஒரு பஸ், பஸ்ஸுக்குள் ஏசி இல்லை. அண்ணை வழி முழுக்க இத்தாலிக்காரர்களோடு ஜேர்மன் பாஷையில் கதைத்துக்கொண்டு வந்தார். ஐரோப்பாவில் எங்கே போனாலும் டொச் பாஷை தெரிந்தால் காணும் என்பது அவருடைய கொள்கை. அவர்கள் விளங்காமல் முழித்தால் அதையே இன்னும் உரத்துச் சொல்வார்.

புளோரன்சில் இறங்கி, வெயிலில் நடந்து, அந்தச் சதுக்கத்துக்குள் காலடி வைத்ததும் அண்ணை நின்றுவிட்டார். நானும் நின்றேன், காரணம் என் கால் அதற்குமேல் போக மறுத்தது. எதிரே பழைய அரண்மனை, முரட்டுக் கல்லால் கட்டியது, உச்சியில் பல்வரிசை மாதிரி மதில், அதற்கு மேலே ஒரு கோபுரம். வலப்பக்கம் மூன்று பெரிய வளைவுகளோடு ஒரு கூடம், அதற்குள் சிலைகள். இடப்பக்கம் ஒரு நீர்த்தொட்டிக்கு நடுவே வெள்ளை ராட்சதன், அதற்கும் அங்கால் குதிரையில் ஒரு ராசா. சுற்றிவர இன்னும் மாளிகைகள். நூற்றுக்கணக்கான வருடங்களாக உலகம் வந்து வாய் பார்க்கிற இடம். அண்ணை கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோபுரம் நடுவில இல்லை."

நான் பார்த்தேன். உண்மைதான். ஒரு பக்கமாகத் தள்ளித்தான் நின்றது.

"இவ்வளவு காசைக் கொட்டிக் கட்டியிருக்கிறாங்கள், நடுவைப் பிடிக்கத் தெரியேல்லை. நான் இப்பிடி ஒண்டு வச்சால் பொம்பிளை வீட்டுக்காரர் உயிரோட விடுவினமோ?"

சிலைகள் பக்கம் போனதும் இன்னும் கவலைப்பட்டார். அரண்மனை வாசலில் ஆளுக்கு மூன்று மடங்கு உயரத்தில் ஒரு பெடியன் உடுப்பில்லாமல் நிற்கிறான். அண்ணை அவனைச் சுற்றி வந்தார். 

"இதை ஹோலுக்குள்ள வைக்க ஏலாது. சனம் சாப்பிடாது." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரு வேட்டியைக் கட்டிவிட்டால் துவாரபாலகர் மாதிரி நிப்பான்," என்றார்.

அளக்கலாம் என்று பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அளவு நாடா ஃபாரஸ்ட் கேட்டில் ஏதோ ஒரு தூணின் தலையில் கிடக்கிறது. பைக்குள் இருந்தது ஒரு எட்டு முழ வேட்டி. அரண்மனைக்குப் போகிறோம், காற்சட்டையோடு போவது முறையில்லை என்று கொண்டுவந்திருக்கிறார். திரும்பிப் போகலாம் என்று எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. அண்ணை வேட்டியை உதறி விரித்தார்.

"எட்டு முழம் எட்டு முழந்தானே. பிடியும் உந்தக் கரையை."

இப்படியாக, செப்டெம்பர் வெயிலில், உலகப் புகழ்பெற்ற அரண்மனைக்கு முன்னால் நானும் அவரும் வெள்ளை வேட்டியை இழுத்துப் பிடித்து, ஒரு வேட்டி, இரண்டு வேட்டி என்று எண்ணிக்கொண்டு பக்கவாட்டாக நகர்ந்தோம். உல்லாசப் பயணிகள் படம் எடுத்தார்கள். ஒரு ஜப்பான்காரக் கூட்டம் கைதட்டியது. எனக்கு நின்றபடியே நித்திரை தூங்கியது. ஐந்தாவது வேட்டியில் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், ஒருவர் வயதானவர், மற்றது இளம் பெண்.

அண்ணை ஜேர்மனில் உரத்து விளக்கினார். நிலைமை மோசமானது. அந்தப் பெண் பொலிசுக்கு இங்கிலிஷ் தெரிந்திருந்தது. இது என்ன போராட்டம், யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், பதாகையில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று என்னைக் கேட்டாள்.

நான் என் கையைப் பார்த்தேன். உண்மையில் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பெருவிரலை உள்ளே மடித்து, துணி தொய்யாமல், நெஞ்சு உயரத்துக்கு. அந்த வருடம் முழுக்க லண்டனில் அப்படிப் பிடித்துப் பழகிய கை. எழுத வேண்டியதெல்லாம் எழுதிப் பார்த்தாயிற்று என்று அவளிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. 

"மகளின் கலியாணம்," என்று மட்டும் இங்கிலிஷில் சொன்னேன். "அவருடைய மகள். இந்த இடத்தை அவளுக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்."

பெண் அதை வயதானவருக்கு மொழிபெயர்த்தாள். அவர் அண்ணையை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு தன் சட்டைப் பையில் இருந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் காட்டினார். அரண்மனையின் அகலம், உயரம், கோபுரம், எல்லா அளவும் அதில் அச்சாகியிருந்தன. யாரும் சும்மா எடுக்கலாமாம்.

"அண்ணை, எல்லாம் இதில இருக்கு! வாங்கோ போவம்!"

அண்ணை அதை வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தார். "அது அவையின்ர அளவு தம்பி. எனக்கு என்ர முழத்தில வேணும்." வயதானவர் என்ன விளங்கினாரோ, கையைக் காட்டிவிட்டு அங்கால் போனார். மிச்ச அரண்மனையையும் அளந்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு நான் அந்தக் கூடத்துப் படியில் ஒரு கல் சிங்கத்துக்குப் பக்கத்தில் விழுந்தேன். அண்ணை சதுக்கத்தின் நடுவுக்குப் போனார். அங்கே, அத்தனை சனத்துக்கும் நடுவில், கல் தரையில் சப்பாணி கட்டி இருந்தார். மாப்பிள்ளை மாதிரி. இடம் பார்த்தார், வலம் பார்த்தார். நான் தூங்கி எழும்பினேன், அவர் அப்படியே இருந்தார். திரும்பத் தூங்கி எழும்பினேன், வெயில் கோபுரத்தில் மட்டும் இருந்தது, அவரும் இருந்தார். உடம்புக்கு ஏதும் வருத்தம் கிருத்தமோ என்று பயந்து எழும்பி ஓடினேன்.

"தம்பி, இருந்து பாரும்," என்றார்.

இருந்தேன். கல் சுட்டது.

"மேடை இல்லை. கவனிச்சீரோ? இவ்வளவு அரண்மனையைக் கட்டிப்போட்டு நடுவில ஒண்டையும் வைக்கேல்லை. வெறும் நிலம். சனம் வந்து நிக்கட்டும் எண்டு விட்டிருக்கிறாங்கள். நான் இவ்வளவு காலமும் நடுவில கொண்டுபோய் எல்லாத்தையும் குவிச்சுப்போட்டன். பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கும்." கல் தரையை உள்ளங்கையால் தடவினார். "நான் ஒண்டும் வைக்கேல்லை தம்பி. பிள்ளை கேட்டபடி வெறுமையா இருக்கட்டும்."

திரும்பி வருகிற வழியில் அவர் ஒருவரோடும் ஜேர்மன் கதைக்கவில்லை. எனக்கு அது நல்லதாகவே படவில்லை. கடன்காரன் மாதிரிக் கத்திக்கொண்டு திரிகிற மனிதர் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு எப்படி நித்திரை வரும்?

சொன்னபடி யானைகள் என் அறையை விட்டுப் போயின. அந்த இடத்துக்கு ஒரு அரண்மனைச் சுவர் வந்தது. பிறகு இன்னொன்று. கீழே கம்பி சுடுகிற மணம் பகல் முழுக்க வந்துகொண்டிருந்தது. கேட்டால், "இது வேற ஆக்களுக்கு. பிள்ளைக்கு இல்லை," என்பார். எந்த ஆட்கள் என்று கேட்டால், "ஆரும் கேப்பினம்தானே," என்பார். கை வெறுமையாக இருக்க அவருக்குத் தெரியாது, பாவம்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை கலியாணம். காலையில் ரெஜிஸ்டர் எழுதியாயிற்று. மத்தியானம் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. நான் ஷிப்ட் முடித்து, கடையின் கழிவறையில் முகம் கழுவி, ஷேர்ட் மாற்றிக்கொண்டு ஏறினேன். புதுப் பெயின்ற் அடித்த வெறும் சுவர், இரண்டு கதிரை, ஒரு மேசையில் பூச்சாடி. அவ்வளவுதான். வந்த நாற்பது பேரும் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பலருக்கு ஊரிலிருந்து இன்னும் செய்தி வரவில்லை. அண்ணை மூலையில் கோட்டும் ரையுமாக இருந்து, தண்ணிப் போத்தலின் லேபலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஆரணி கார்த்திக்கோடு படியேறி வந்தாள். வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். திரும்பவும் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அப்பா எங்க வச்சிருக்கிறார்?"

"என்னத்தை?"

"ஏதாவது வச்சிருப்பாரே."

"ஒண்டும் வைக்கேல்லை பிள்ளை. நீதானே வேண்டாமெண்டனீ."

அவள் முகம் சுருங்கிப்போனது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது, அந்தப் பிள்ளை காலை முழுக்க அப்பாவோடு சண்டை பிடிப்பதற்கு ஆயத்தமாக வந்திருக்கிறாள் என்று. சண்டை பிடிக்க ஒரு தூண்கூட இல்லை. நேரே மூலைக்குப் போனாள்.

"ஏனப்பா ஒண்டுமே வைக்கேல்லை?"

"வெறுமையா இருக்கட்டும் எண்டு கேட்டனீ எல்லோ, ராசாத்தி."

"மணவறை வேண்டாமெண்டுதான் சொன்னனான். உங்களை வேண்டாமெண்டு சொல்லேல்லையே." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாருக்கும் செய்தீங்கள். ஆர் கோல் பண்ணினாலும் உடன போவீங்கள். எனக்கு மட்டும் வெறும் சுவரா?"

அண்ணை லேபலை மேசையில் ஒட்டினார், திரும்ப உரித்தார். பிறகு குற்றவாளி மாதிரி மெதுவாகச் சொன்னார்: "கீழ நிக்கிற வானுக்க கிடக்கு."

"என்ன கிடக்கு?" என்றார் அக்கா.

"சும்மா. நாலு சுவர். ஒரு கோபுரம். வான் வெறுமையா ஓடினால் ஆடும், அதுதான் பாரத்துக்கு ஏத்தினனான்."

"ரெஜிபோமைப் பாரத்துக்கு ஏத்தின மனுசன் நீங்கள் ஒராள்தான்!" என்றார் அக்கா.

கார்த்திக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். "வேன்லதானே இருக்கு மாமா? வாங்க, எடுத்துட்டு வந்துரலாம்."

எடுத்து வந்தோம். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தகப்பன், நான், எல்லோரும் படியில் ஏறி இறங்கித் தூக்கினோம். மேலே கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, நிறுத்திவைக்கிற இரும்புச் சட்டங்களை அண்ணை வீட்டில் விட்டுவிட்டார். சட்டம் கொண்டுவந்திருந்தால் தான் ஆசைப்பட்டதாகிவிடும் என்று பயந்திருக்கிறார். சுவரில் ஆணி அடிக்கவோ ரேப் ஒட்டவோ கூடாது, பெயின்ற் புதுசு என்று கடை முதலாளி கையை விரித்தார்.

"அப்ப பிடிப்பம்," என்றார் அக்கா. யோசிக்காமல் போய் ஒரு துண்டைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லவில்லை. காஞ்சிபுரம் கட்டிய மாமிமார் ஆளுக்கொரு மதில் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு மாளிகையைப் பிடித்து அதன் ஜன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். அந்த ஹோலின் நாலு பக்கமும், ஆளோடு ஆள் ஒட்டி, அரண்மனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த வருடம் எதையெதையோ பிடித்துக்கொண்டு எவ்வளவோ நேரம் நின்றிருக்கிறோம், ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு நடுவில் ஒரு பிள்ளை நின்று ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கை உளைந்தது, கீழே சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒருவரும் விடவில்லை.

மேடை இல்லை. கதிரைகளையும் எடுத்துவிட்டார்கள். வெறும் கார்ப்பெற்றில் அவளும் அவனும் நின்றார்கள். ஆரணி ஒரு சுற்றுச் சுற்றி முடித்து, அரண்மனை வாசல் பக்கம் வந்து நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"வடிவா இருக்கப்பா," என்றாள்.

வாசல் கதவை அண்ணைதான் பிடித்திருந்தார். ஒரு கையை எடுத்தாலும் கதவு சரிந்துவிடும். அதனால் கண்ணீர் தன்பாட்டுக்கு மூக்கு வழியாக வடிந்து ரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். என் இரண்டு கையிலும் கோபுரம் இருந்தது, இல்லாவிட்டால் நான் துடைத்துவிட்டிருப்பேன்.